விடுபட்ட ஓரெண்

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணையை அடுத்துள்ள ஊர் கச்சிராயபாளையம். கரும்பு விளையும் ஊராதலின், அவ்வூர்ச் சிறுவர்க்கு வெல்லக் கட்டிகளைக் கூறு போடுதல் புதிதன்று. அறுபது கட்டிகள் இருப்பின் இருவர்க்கும் பங்கிடலாம், மூவர்க்கும், ஐவர்க்கும், பன்னிருவர்க்கும் பங்கிடலாம், மீதி வாராது. அறுபத்தொன்றாயின் வழக்குத்தான்! 61 பகா எண். 60க்கோ காரணிகள் பன்னிரண்டு. அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்துணைக் காரணிகள் இல்லை.

நம் முன்னோர் ஒன்றை 320 கூறாக்கி, ஒரு கூற்றை முந்திரி என்றனர். நுட்பமான பகுப்பே. ஆயினும் 320ஐ மூன்றால் வகுத்தால் மீதி நிற்கும். உடன்பிறந்தார் மூவர்க்கு முந்திரிக் கணக்கு ஒத்து வாராது. 360 எனக் கொண்டிருப்பின் இவ்விடர் இல்லை.

தன்னிற் சிறிய எண்கள் அனைத்தையும் காரணித் தொகையில் விஞ்சும் எண்கள் எவை? ஈரோட்டில் 1887இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் இதனை ஆராய்ந்தார். 1915இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் அவருடைய நெடுங்கட்டுரை வந்தது. மறு ஆண்டில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் இவ்வாராய்ச்சிக்காகவே அவருக்குப் பட்டம் அளித்தது. அத்தகைய எண்ணைப் பிரித்தால் 2, 3, 5, 7 எனப் பகா எண்கள் இடையறாது வரும்; அடுக்குகள் குறையுமேயன்றி ஏறுவதில்லை. 4, 36 என்னும் இரண்டும் நீங்கலாக, ஏனையவற்றில் இறுதிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றே.

அக்கட்டுரையில் 102 எண்கள் கொண்ட பட்டியல் உண்டு. அதன் இறுதி எண் 6746328388800. கணிப்பொறி இல்லாத காலத்தில் கையாற் செய்த வேலை அது. ஆயினும் இடையில் ஓரெண் விடுபட்டது: 293318625600. அஃதாவது, 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

இதனை மாணவர்க்குச் சொல்லலாகாது, பெரியார்க்கு இழுக்காகும் எனச் சிலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது. இராமானுசனைத் தெய்வப் பிறவி என மேடையில் புகழ்ந்து கைகூப்பிவிட்டு, அவர் ஆராய்ந்த ஓரெண்ணையேனும் பிரித்துப் பாராதிருத்தலே இழுக்கு. புகழ்தல் எளிது, அதற்குத் தாளும் எழுதுகோலும் வேண்டா. விடுபட்டதைக் கண்டவர் அவர் பட்டியலை வரி வரியாகப் படித்தவராதல் வேண்டும். கணக்கறிஞர்க்கு அதனினும் மேலான மதிப்பை எவர் அளிக்க இயலும்? பாடநூல்கள் அவருடைய வறுமையையும் நோயையும் விரிவாகக் கூறுகின்றன. அவர் செய்த கணக்கையோ ஒரு வரியில் முடிக்கின்றன. ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு இக்கணக்கு எட்டாததன்று.

அவ்வெண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5ம் 7ம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் பெருகி நிற்கின்றன. ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டி, வந்தவற்றைப் பெருக்கினால் காரணித் தொகை கிடைக்கும். ஏழை ஐந்தால் பெருக்க 35. அதனை இருமுறை மூன்றால் பெருக்க 315. நான்கு முறை இரட்டிக்க 5040.

இந்த 5040ம் அப்பட்டியலில் உள்ள எண்ணே. அதன் காரணிகள் 60. கச்சிராயபாளையத்துச் சிறுவர் கூறு போட்ட கட்டிகளின் தொகை.