தொலைந்துபோன சுழியம்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய இனம் நாம். தமிழ்ப்பள்ளியில் முதலில் கேட்ட பாடங்களுள் அதுவும் ஒன்று. ஆனால், எது எண், எது எழுத்து என்ற குழப்பத்தால் ஒரு மாநிலமே காணாமல் போகக்கூடும் என்பதைத் தொழிற்பயிற்சியின்போதுதான் கற்றேன்.

வாடிக்கையாளர்களை மாநில வாரியாக எண்ணித் தரும்படி நிறுவனத்தில் கேட்டார்கள். நம் நாட்டு அஞ்சல் குறியீட்டில் ஐந்து இலக்கங்கள் உண்டு. முதல் இரண்டைப் பார்த்தாலே பெரும்பாலும் மாநிலம் தெரிந்துவிடும். கெடாவுக்கு 05 முதல் 09 வரை. அந்த இரண்டு இலக்கங்களைக் கொண்டு ஆட்களைப் பிரித்து எண்ணும்படி தரவுத்தளத்திற்குக் கட்டளையிட்டேன். நொடியில் விடை வந்தது. கெடாவில் ஒருவர்கூட இல்லை!

“அங்கே நமக்குச் சந்தை இல்லை போலும். வடக்கே பினாங்கில் ஒரு சேவை மையம் போதும்” என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. பீடோங்கில் இருக்கும் என் அம்மாவே அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்தான்!

தேடிப் பார்த்தேன். அட்டவணையை வடிவமைத்தவர் அஞ்சல் குறியீட்டை எண்ணாகப் பதிந்திருந்தார். எண்ணுக்கு முன்னால் நிற்கும் சுழியத்திற்குக் கணினியில் மதிப்பில்லை. சுங்கை பட்டாணியின் 08000 வெறும் 8000 ஆகிவிட்டது. அதன் முதல் இரண்டு இலக்கம் 80. அது ஜொகூர் பாருவுக்கு உரியது. அலோர்ஸ்டார் 05000, கோலாலம்பூரின் 50-இல் போய்ச் சேர்ந்தது. கூலிம் 09000, கடல் கடந்து சண்டாக்கானின் 90-இல் ஒதுங்கியது. 08100-இல் வாழும் என் அம்மாவும் ஜொகூர்க்காரராகியிருந்தார்.

இந்தியாவில் 1972-இல் வந்த ஆறு இலக்கக் குறியீடு சுழியத்தில் தொடங்குவதில்லை. அதனால் சென்னைக்கு இந்தத் தொல்லை இல்லை. கெடாவுக்கும் பெர்லிசுக்கும், அமெரிக்காவின் பாஸ்டனுக்கும் உண்டு. மருந்து எளிது. அஞ்சல் குறியீட்டைக் கூட்டுவதுமில்லை, பெருக்குவதுமில்லை. ஆகவே அது எண்ணே அன்று, எழுத்து. எழுத்தாகப் பதிந்து, விடுபட்ட சுழியத்தைச் சேர்த்தேன். கெடா மீண்டும் பட்டியலில் எழுந்தது.

அதோடு முடிந்ததா? இல்லை. பண்டார் பாரு கெடாவைச் சேர்ந்தது; அதன் குறியீடோ 34950, பேராவின் வரிசை. எனவே இரண்டு இலக்கத்தை நம்பாமல், எந்தக் குறியீடு எந்தச் சந்தை வட்டாரம் என்று தனி அட்டவணை வைப்பதே முறை.

அதன் பிறகும் ஒரு குறை எஞ்சுகிறது. பீடோங் பட்டணத்திற்கும் 08100. ஹார்வர்ட் தோட்டத்திற்கும் 08100. சுங்கை பத்து தோட்டத்திற்கும் அதுவே. பேருந்து நிலையத்தின் அருகில் வாழ்பவரும் லயத்து வீட்டில் வாழ்பவரும் கணினிக்கு ஒன்றுதான். சேவை மையத்திற்கு வர ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். மற்றவர் அரை நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். அந்த வேறுபாடு எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

இதில் நமக்கும் பங்குண்டு. தேசிய இடைநிலைப்பள்ளியில் முதல் நாள் முகவரி எழுதச் சொன்னபோது, நான் தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பீடோங் என்று மட்டும் எழுதினேன். ‘தோட்டத்துப் பையன்’ என்று சிரிப்பார்களோ என்ற கூச்சம். என்னைப் பட்டியலிலிருந்து நீக்கிய முதல் ஆள் கணினி அன்று, நான்தான்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை தரவுத்தளங்களை வடிவமைக்கப் போகிறோம். சுழியம் என்று விடை வந்தால் ‘யாரும் இல்லை’ என எழுதிக் கொடுக்குமுன், கேட்ட கேள்வியைச் சோதியுங்கள். நம் கழகத்தின் முன்னாள் மாணவர் பட்டியலிலும் அஞ்சல் குறியீட்டுக்குப் பக்கத்தில் தோட்டத்தின் பெயருக்கு ஒரு கட்டம் சேர்ப்போம். அதைக் கூச்சமின்றி நிரப்புவோம். முதலில் நான் நிரப்புகிறேன்.