பொன்னாவும் பெரியம்மையும்

எங்கள் நாஞ்சில் நாட்டில் யாரைப் பார்த்தாலும் வாயில் முதலில் வருவது ‘மக்களே’தான். பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிறவளுக்கும் நான் மக்கள், தெருவில் மீன் கொண்டுவருகிறவளுக்கும் மக்கள். என் பெரியம்மை அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இளகும். அவளுக்குப் பிள்ளை இல்லை.

ஆவணி ஞாயிறுகளில் நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போவாள். கல் நாகங்களுக்குப் பாலும் மஞ்சளும் விட்ட ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே என் கன்னத்தில் வைப்பாள். சுசீந்திரம் போனால் அனுசூயை கதை. மும்மூர்த்திகளும் கைக்குழந்தைகளாகி அவள் மடியில் பால் குடித்த இடத்தை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அந்தக் குழந்தைகள் மறுபடி சாமிகளான பகுதியை ஒருநாளும் சொன்னதில்லை. கல்யாண வீடுகளில் “விசேஷம் உண்டா?” என்று கேட்டவர்கள் ஒரு வயதுக்குப் பிறகு கேட்பதை விட்டார்கள். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்திருக்கும்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வந்தது. கதை நடப்பது திருச்செங்கோட்டில், வெளியிட்டது எங்கள் ஊர் காலச்சுவடு பதிப்பகம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் ஆசை குறையாதவர்கள் காளியும் பொன்னாவும். ஊர் வாய்தான் சும்மா இருக்கவில்லை. பொன்னா பிள்ளை வேண்டி மலையில் வறடிக்கல்லைச் சுற்றும் பக்கங்களைப் படித்தபோது என் கன்னத்தில் அந்த ஈரம் திரும்ப வந்தது. பிள்ளையில்லாத பெண்கள் திருவிழா இரவில் அந்நியரோடு சேர்வதாக நாவலில் வரும் வழக்கத்துக்காக எழுந்த எதிர்ப்பில், 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நாவலின் பக்கம் நின்றது. இத்தனை சத்தத்திலும் பொன்னாவின் ஏக்கத்தைப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம்தான்.

பொன்னா அந்தத் திருவிழாவுக்குப் போனதை அறிந்த காளி பூவரசின் கிளைகளை அண்ணாந்து பார்ப்பதோடு அந்த நாவல் முடிகிறது. பிறகு வந்த இரண்டு நாவல்களில், ‘ஆலவாயன்’ அவன் செத்துப்போனதாகத் தொடர்கிறது. ‘அர்த்தநாரி’ அவன் பிழைத்துக்கொண்டதாக. இரண்டிலும் பொன்னா கர்ப்பம். அவள் கேட்ட பிள்ளை கிடைத்துவிட்டது. ஒன்றில் புருஷன் உயிரோடு இல்லை, மற்றதில் இருந்தும் அவளிடமிருந்து விலகி நிற்கிறான். மறு உயிர் காளிக்கு மட்டும்தான். அவள் எப்படியானாலும் அதே வயிற்றைச் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். அவளை விடாமல் பிடித்துக்கொள்கிறவள் மாமியார் சீராயி. இந்த நாவல்களில் நான் அதிகம் நேசிக்கும் மனுஷி அவள்தான். பெரியம்மைக்கு அப்படி ஒரு மாமியார் வாய்க்கவில்லை.

பெரியம்மைக்குக் கண் மங்கிய காலத்தில் ‘ஆலவாயன்’ நாவலை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பொன்னா வயிற்றில் பிள்ளை தங்கியிருப்பது தெரியவரும் இடத்தில் என் கையைப் பிடித்தாள்.

“மக்களே, அந்த எடத்த இன்னொரு மட்டம் வாசி.”

வாசித்தேன்.