அக்காளுடன் வந்த தம்பி!

"எங்கள் வீட்டில் பிறந்த நாள் விருந்து. உங்கள் மகளை அனுப்புங்கள்" என்று சொல்லி விடுகிறார்கள்.

மகள் வருகிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு 4 வயதுத் தம்பியும் வருகிறான்!

அழைத்தது 10 பிள்ளைகளை. தட்டு 10. பரிசுப் பொட்டலமும் 10. வாசலில் நிற்கும் தம்பியை என்ன செய்வது?

"இவனை யார் கூப்பிட்டது?" என்று கேட்கலாமா?

கேட்கவே கூடாது!

வாடும் முகம்

திருக்குறளில் 9-வது அதிகாரம், விருந்தோம்பல். அனிச்சப் பூ மோந்தால்தான் வாடும். விருந்தாளியோ நாம் முகம் மாறிப் பார்த்தாலே வாடிவிடுவார் என்கிறார், வள்ளுவர்.

பெரியவர்களுக்கே அப்படி என்றால், பலூனைப் பார்த்து ஆசையாக ஓடி வந்த குழந்தையின் முகம் என்ன ஆகும்?

ஏன் வந்தான்?

ஒட்டன்சத்திரம், காய்கறி மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊர். இங்கிருந்து லாரி லாரியாகக் கேரளாவுக்குக் காய்கறி போகிறது. காய் பறிக்கவும், மூட்டை ஏற்றவும் தாயும் தகப்பனும் போய்விடுகிற வீடுகள் உண்டு.

அந்த வீடுகளில் தம்பிக்கு அக்காள்தான் தாய்! தம்பியை "வராதே" என்றால், அக்காளையும் "வராதே" என்றுதான் அர்த்தம்.

தாய்மார்களே!

அதற்காக, அழைப்பு ஒருவருக்கு, போவது நாலு பேர் என்றால் நியாயமா? விருந்து வைப்பவரும் நம்மைப் போல் காசை எண்ணிச் செலவு செய்பவர்தானே!

"சின்னவனைத் தனியாக விட முடியவில்லை. கூட அனுப்பலாமா?" என்று முந்தின நாளே போனில் ஒரு வார்த்தை கேளுங்கள். "இடம் இல்லை" என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். "தம்பிக்கும் பரிசு கொடுங்கள்" என்று கேட்கக் கூடாது என்று மகளிடம் சொல்லி அனுப்புங்கள்.

விருந்து வைப்பவர்களே!

10 பப்ஸ் வாங்கினால், 11-வது பிள்ளைக்கு இல்லை. கேசரியும் சுண்டலும் செய்தால் அந்தக் கவலை இல்லை. எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு துண்டு போட்டால், 10 துண்டு கேக் 13 துண்டு ஆகும். பரிசுக்காக 2 பென்சில் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

கட்டாயம் ஒரு பிள்ளைதான் வர வேண்டுமா? அதை அழைக்கும்போதே பெற்றோரிடம் சொல்லுங்கள். வாசலில் வைத்துக் குழந்தையிடம் சொல்லாதீர்கள்.

கொசுறு

காய்கறி வாங்கினால், கடைக்காரர் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுகிறார். அதனால் அவர் நொடித்துப்போவது இல்லை. நாமும் ஒரு கிலோ தக்காளியைக் கொசுறாகக் கேட்பது இல்லை.

கொடுப்பவருக்கு மனசு வேண்டும். வாங்குபவருக்கு அளவு வேண்டும். கடையில் தெரிந்த இந்த நியாயம், வீட்டு வாசலில் மறந்துபோகலாமா?

தம்பி இன்னும் வாசலில் நிற்கிறான். உள்ளே கூப்பிடுங்கள்!