ரவுட்டர் மேஜையும் பம்புசெட் விசையும்

வீட்டின் பின்கட்டிலோ மொட்டைமாடிக் கொட்டகையிலோ ஓய்வு நேரங்களில் மரவேலை பயில்வோர் நம் நகரங்களில் பெருகி வருகிறார்கள் என்பது மகிழத்தக்க விஷயமே. அவ்விதம் பயில்வோர் முதலில் ஒரு டிரில்லும், பிறகு மைக்காவின் ஓரம் சீவும் சிறிய டிரிம்மரும், அதன் பின்னர் அதற்கு மூத்த உருவமாகிய ரவுட்டரும் வாங்கிவிட்டு, அந்த ரவுட்டரை ஒரு மேஜையின் அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டால் இன்னும் என்னென்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கும் கட்டத்தில், வியாபாரிகளின் வர்ணப் படங்கள் அவர்களை எதிர்கொள்கின்றன. பளபளக்கும் அலுமினியச் சட்டம், மில்லிமீட்டர் பொறித்த அளவுகோல், கைப்பிடியைச் சுற்றினால் மோட்டாரை ஏற்றி இறக்கும் லிஃப்ட் ஆகிய அலங்காரங்களே மேஜை என்று ஒருவர் மயங்கினால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. என் அபிப்பிராயமோ வேறு. முதல் ரவுட்டர் மேஜையை ஒருவர் தம் கையாலேயே பிளைவுட்டில் செய்துகொள்ள வேண்டும். அதனால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை, அப்படங்களில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு விசைக்கு அவசியம் செலவிட வேண்டும்.

ரவுட்டர் என்பது சாராம்சத்தில் மிக வேகமாகச் சுழலும் ஒரு மோட்டாரும், அதன் நுனியில் காலெட் என்னும் பிடிக்குள் இறுக்கப்படும் ஒரு பிட்டும்தான். பழைய தச்சர்கள் காடி எடுக்க ஒரு இழைப்புளியும், ஓரத்தை வளைக்க வேறொன்றும், நிலைச் சட்டங்களின் விளிம்பு வேலைக்குப் பின்னும் ஒன்றுமாகப் பெட்டி நிறைய வைத்துக்கொண்டு செய்த காரியங்களை, பிட்டை மட்டும் மாற்றிக்கொண்டு இந்த ஒரே சாதனம் செய்துவிடுகிறது. அமெரிக்காவில் கார்ட்டர் என்பவர் முதல் உலக யுத்த காலத்தையொட்டி உருவாக்கிய கையடக்க யந்திரத்தின் வியாபாரத்தை ஸ்டான்லி கம்பெனி 1929இல் விலைக்கு வாங்கியது முதல் அது பரவத் தொடங்கிற்று. வீட்டுக்காரர் மனத்தில் மேஜை ஆசையை மூட்டியவர்களுள் நார்ம் ஏப்ரம் முக்கியமானவர். 1989 முதல் 2009 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் அவர் நடத்திய மரவேலை நிகழ்ச்சியைப் பார்த்துத் தாமும் ஒரு ரவுட்டர் மேஜை செய்துகொண்டவர்கள் அந்நாட்டில் அநேகர். அவர் செய்து காட்டிய மேஜையும் பலகையால் ஆனதே என்பதை இங்கே ஞாபகப்படுத்துவது தகும்.

மேஜையின் பிரயோஜனம் என்ன? கையில் பிடித்த ரவுட்டர் மரத்தின் மேல் நடக்கிறது. மேஜையிலோ ரவுட்டர் ஸ்திரமாக நிற்க, மரம் அதனிடம் வருகிறது. விரற்கடை அகலமுள்ள ஒரு பீடிங் துண்டின் மேல் ரவுட்டரின் அடித்தட்டு தள்ளாடாமல் உட்கார முடியாது. அதே துண்டை மேஜைமேல் வைத்து நேர்ச்சட்டத்தை ஒட்டித் தள்ளினால் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே சீராகச் சீவப்பட்டு வருகிறது. படச் சட்டத்தில் கண்ணாடி உட்காரும் காடி, அலமாரிக் கதவின் சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று அமரும் நாக்கும் காடியும், இழுப்பறையின் அடிப்பலகை நுழையும் பள்ளம் ஆகியவை யாவும் மேஜைக்கு உரிய வேலைகள். சமையல் மேடையில் தொட்டிக்கு வாய் வெட்டுவதும், கதவில் கீல் பதிக்கப் பள்ளம் எடுப்பதும், எட்டடிப் பலகையின் நடுவில் காடி ஓட்டுவதும் கையால் செய்ய வேண்டியவையே. ஆகவே மைக்கா ஓரம் சீவுவதோடு தம் ஆசை அடங்கிவிடும் என்று அறிந்தவர், மேஜையைப் பற்றிய இந்தக் கட்டுரையை இவ்விடத்திலேயே மடித்து வைத்துவிட்டால் அவருக்கு யாதொரு நஷ்டமும் இல்லை.

செய்துகொள்ள விரும்புகிறவர் மேஜையின் முகத்தைப் பற்றி மட்டும் பிடிவாதமாக இருக்க வேண்டும். அது சமதளமாக இருப்பதே முதலும் முடிவுமான லட்சணம்; ஏனெனில் முகத்தில் எவ்வளவு குழிவு உண்டோ, காடியின் ஆழமும் அவ்வளவுக்கு இடத்துக்கிடம் மாறும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டி, மேலும் கீழும் மைக்கா பதித்துவிட்டால், சுமார் இரண்டடிக்கு இரண்டரை அடி அளவுள்ள முகம் பல்லாண்டு உழைக்கும். மேலே மட்டும் மைக்கா ஒட்டிச் சிக்கனம் பிடிப்பவர், இரு பக்கங்களும் ஈரத்தை ஒரே விதமாக ஏற்காமையால், நாளடைவில் பலகை வளைந்துபோவதைக் காண்பார். ரவுட்டரைத் தாங்கும் தகட்டுக்கு அலுமினியம் நல்லதுதான். ஆனால் மின்பலகை செய்வோர் உபயோகிக்கும் ஹைலம் ஷீட் 10 அல்லது 12 மில்லிமீட்டர் கனத்தில் கிடைத்தால் அதுவே போதும், அறுக்கவும் துளைக்கவும் சுலபம். வெளிநாட்டிலிருந்து வரும் தகடுகளில் முன்கூட்டியே துளைகள் இடப்பட்டிருக்கும் என்றாலும், அத்துளைகள் அந்தந்த நாட்டில் விற்கும் ரவுட்டர்களுக்கு ஏற்பவே அமைந்திருப்பதால், நம் கடையில் வாங்கிய யந்திரத்துக்கு அவை பொருந்தாமற்போவதும் உண்டு. விலை கொடுத்து வாங்கிய தகட்டில் மறுபடியும் துளையிட நேர்வதானால் வாங்கியதன் லாபம் எங்கே?

உயரத்தை மாற்றும் லிஃப்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமுக்கினால் இறங்கும் ரவுட்டரின் உள்ளிருக்கும் ஸ்பிரிங், மேஜைக்கு அடியில் நமக்கு விரோதமாகவே வேலை செய்யும்; மோட்டாரை மேலே தூக்க விடாமல் அது கீழே தள்ளும். அநேக மாடல்களில் அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிடலாம். கழற்றியபின் காருக்கு அடியில் வைக்கும் சிறு ஜாக்கியை மோட்டாருக்குக் கீழே நிறுத்தித் திருகி ஏற்றுகிற எளிய உபாயத்தைப் பல தேசத்து வீட்டுத் தச்சர்கள் கையாண்டு வருகிறார்கள். பார்வைக்கு அது லட்சணமாக இராது. பிட்டின் உயரம் மட்டும் வேண்டிய இடத்தில் நிற்கும்.

இனி, தச்சர்கள் கைடு என்று அழைக்கும் நேர்ச்சட்டம். வியாபாரிகள் அதிக விலை சொல்வதும் வாங்குவோர் அதிகம் ஏமாறுவதும் இதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வட்ட ரம்பம் பொருத்திய மேஜையில் கைடு ரம்பத்துக்கு இம்மியும் பிசகாமல் இணையாக நிற்க வேண்டும், இல்லையேல் மரம் நெருக்குண்டு பின்னால் எறியப்படும். ரவுட்டரின் பிட்டோ எப்பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே வட்டமாகையால் அதற்கு இணை என்ற பேச்சே எழுவதில்லை. சட்டம் எந்தக் கோணத்தில் நின்றாலும் அதற்கும் பிட்டுக்கும் உள்ள தூரம் ஒன்றே கணக்கு. ஆகவே ஒரு முனையில் போல்ட் பூட்டி, மறுமுனையை ஒரு கிளாம்பால் இறுக்கிய நேரான கட்டை, அளவுகோல் பொறித்த அலுமினியத்துக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. சொல்லப்போனால் அதில் ஒரு விசேஷமும் உண்டு. பிட் நடுவில் இருக்குமானால், மறுமுனையை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தும்போது பிட்டின் அருகில் சட்டம் அரை மில்லிமீட்டரே நகர்கிறது. நுட்பமான திருத்தம் செலவில்லாமலே கைகூடுகிறது. கட்டையின் நடுவில் பிட்டுக்கு ஒரு வாய் வெட்டி, அதன் பின்னே வாக்குவம் கிளீனர் குழாயைச் சொருகப் பெட்டி ஒன்று அடித்துவிட வேண்டும். மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்களில் ஒன்று என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது, எம்.டி.எஃப். அறுக்கிறவர்களுக்கு அதிலுள்ள பிசினின் தூளும் சேர்ந்துகொள்கிறது.

யந்திரம் சிறியது என்பதால் அபாயமும் சிறியது என்று கருதுவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கதவுப் பலகையின் ஓரத்தைச் சரிவாக்கும் 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிட், நிமிஷத்துக்கு 22,000 சுற்று சுழலுமானால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 310 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. அதே பிட்டை 10,000 சுற்றில் ஓட்டினால் அவ்வேகம் சுமார் 140 கிலோமீட்டராகிறது. அதனாலேதான் வேகத்தைக் குறைக்கும் வசதியில்லாத ரவுட்டரில் பெரிய பிட்டை மாட்டக்கூடாதென்பதும், அத்தகைய பிட்டுக்கு 6 மில்லிமீட்டர் காம்பு ஆகாது, 12 மில்லிமீட்டரோ அரை அங்குலமோ வேண்டுமென்பதும் விதியாயின. மரத்தைத் தள்ளும் திசையிலும் சமரசம் இல்லை. தலைகீழாகத் தொங்கும் ரவுட்டரில், மேலிருந்து பார்க்கையில், பிட் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுவதால், கைடு பிட்டுக்கு அப்பால் இருக்கும் நிலையில், மரம் வலமிருந்து இடமாகத்தான் போக வேண்டும். கைடுக்கும் பிட்டுக்கும் இடையே மரத்தை நுழைத்து அதே திசையில் தள்ளுகிறவர் கையிலிருந்து, பிட் அதைப் பறித்து அம்புபோல் எறிந்துவிடும். கூடவே விரல்களும் போகக்கூடும். சன்னமான துண்டைத் தள்ளக் கட்டை ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆனால் இவையெல்லாம் கவனமுள்ளவர் தம் கவனத்தாலேயே தவிர்த்துக்கொள்ளக்கூடிய அபாயங்கள். கவனத்தால் மட்டும் தவிர்க்க முடியாத ஒன்றும் உண்டு. அதைக் குறித்தே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். மேஜைக்கு அடியில் மாட்டிய ரவுட்டரின் விசையைக் கையால் அழுத்திக்கொண்டே இருக்க இயலாது. ஆகையால் எல்லாரும் அதைப் பூட்டி வைத்துவிட்டு, சுவரிலுள்ள சுவிட்சால் ஓட்டுகிறார்கள், நிறுத்துகிறார்கள். இந்நிலையில் மின்சாரம் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் ஓய்ந்து நின்றதும், இந்தச் சந்தர்ப்பத்தில் பிட்டை மாற்றிவிடலாம் அல்லது அடைத்த தூளைத் துடைத்துவிடலாம் என்று கை தானாகவே அங்கே போகிறது; சுவர் சுவிட்ச் இன்னும் போட்டபடியே இருப்பது நினைவில் இருப்பதில்லை. அடுக்குமாடி வீடுகளில் ஜெனரேட்டர் சில விநாடிகளிலேயே மின்சாரத்தைத் திருப்பித் தந்துவிடுவது மற்றச் சமயங்களில் பெரிய சௌகரியம். இங்கே அதுவே விபரீதம்.

இதற்குப் பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. நம் கிராமத்துக் கிணற்று மேட்டில், மோட்டார் கொட்டகையின் சுவரில், பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானுமாக எத்தனையோ வருஷங்களாக அது மாட்டப்பட்டிருக்கிறது. பம்புசெட் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் நோ-வோல்ட் காயில், மின்சாரம் நின்ற அந்தக் கணத்திலேயே பிடியை விட்டுவிடுகிறது; மின்சாரம் திரும்பினாலும் ஒருவர் வந்து பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை மோட்டார் ஓடாது. நள்ளிரவில் கரண்ட் வரும்போது எழுந்து போகச் சலித்த விவசாயி ஆட்டோ ஸ்டார்ட்டர் பூட்டி அந்தக் குணத்தை மாற்றிவிடுவதும் நாம் அறிந்ததே. தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு அது நியாயம், பிட்டுக்கு அருகில் விரல் வைக்கிறவருக்கு அநியாயம். ஐரோப்பாவில் விற்கும் நிலையான மரவேலை யந்திரங்களில் இத்தகைய விசை சர்வசாதாரணமாக இருக்கிறது. இங்கே மேஜை விற்போர் கைடுக்கும் லிஃப்டுக்கும் பட்டியல் போடுகிறார்களே ஒழிய, விசையைக் கேட்டால் தனியாக வாங்கிக்கொள்ளச் சொல்லும் கடைகளே அதிகம். மேஜை என்ற பெயரில் விற்கும் எதனோடும் இவ்விசை சேர்ந்தே வர வேண்டும் என்று வாங்குவோர் வற்புறுத்தாதவரை இது மாறப்போவதில்லை. ரவுட்டரிலேயே மின்சாரம் திரும்பும்போது ஓடாமல் தடுக்கும் அமைப்பு சில உயர்ந்த மாடல்களில் உண்டு என்பது உண்மையே. ஆனால் வீட்டுக்காரர் முதலில் வாங்குவது பெரும்பாலும் அவற்றையல்ல. காலால் மிதிக்கும் விசையைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். காலை எடுத்தால் நிற்கும் என்பது அதன் குணமானாலும், ஒரு காலில் பாரம் வைத்து நின்றுகொண்டு நீண்ட சட்டத்தைத் தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை.

மின்சாமான் கடையில் ஸ்டார்ட்டர் கேட்கும்போது கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. மும்முனை மின்சாரத்துக்குரிய 415 வோல்ட் காயில் நம் வீட்டுக்கு உதவாது. ஒருமுனைக்குரிய 230 வோல்ட் காயில் உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். 1,300 வாட் ரவுட்டர் ஏறக்குறைய 5.7 ஆம்பியரும், 2,100 வாட் உள்ளது 9 ஆம்பியருக்குச் சற்று மேலும் இழுக்குமாதலால், ஸ்டார்ட்டரில் மிகை மின்சாரத்தைத் தடுக்கும் ரிலேயின் அளவு அதற்கேற்றதாக இருக்கட்டும். இணைப்பை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவர் தருவதே முறை. ரவுட்டரின் உலோக உடலுக்கோ மேஜையின் உலோகப் பாகங்களுக்கோ எர்த் தேவையா என்பதையும் அவரே பார்த்துச் சொல்லிவிடுவார். ஸ்டார்ட்டரைப் பார்வைக்கு அழகாக மேஜையின் பின்புறம் மாட்டாமல், முன்காலில், நின்று வேலை செய்கிறவரின் தொடை உயரத்தில் பொருத்தி, இரண்டு கைகளும் மரத்தை விடாமலே முழங்காலால் தட்டி நிறுத்தும்படி, சிவப்புப் பொத்தானின் மேல் உள்ளங்கை அகலமுள்ள ஒரு பலகையைக் கீல் வைத்துத் தொங்கவிட்டுக்கொள்ளலாம். அந்தப் பலகைக்கு மேஜையில் மிஞ்சிய பிளைவுட் துண்டே போதும்.