கூலி கேட்டால் 'கல்வி' என்கிறார்கள்!

உழைத்தவனுக்குக் கூலி உண்டா என்று கேட்டால், 'உண்டு' என்றுதான் எந்த நாட்டுச் சட்டமும் உரைக்கும். அமெரிக்காவிலோ, 'உழைத்தவன் பயிற்சிக்கு வந்த மாணவனா?' என்று எதிர்க்கேள்வி பிறக்கிறது.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அங்கே 1938-ல் பிறந்தது. 1947-ல் ரயில்வே கம்பெனி ஒன்றின் வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. பிரேக்மேன் வேலை கற்க வந்தோர் ஏழெட்டு நாள் பயின்றனர்; கம்பெனிக்கு உடனடி ஆதாயம் ஏதுமில்லை; ஆகவே அவர்கள் தொழிலாளர் அல்லர் என்றது தீர்ப்பு. அதிலே குறை காண்பதற்கில்லை. ஏழெட்டு நாள்தானே! ஆனால் எலி நுழைய விட்ட துவாரத்திலே யானையையே நுழைத்தனர் முதலாளிகள்.

'பிளாக் ஸ்வான்' என்றொரு திரைப்படம், 2010-ல் வெளிவந்து 30 கோடி டாலருக்குமேல் குவித்தது. அதன் தயாரிப்பிலே 'பயிற்சி' பெற்ற இளைஞர் கற்ற கலை யாது? காப்பி போடுவது, பகலுணவு வாங்கி வருவது, குப்பையை அகற்றுவது! காசு மட்டும் இல்லை. வழக்குத் தொடுத்தனர். 2013-ல் நீதிபதி, 'இவர்கள் தொழிலாளரே' என்றார். 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. முதலாளிக்கு உடனடி ஆதாயம் கூடாது என்பது தொழில் இலாகா 2010-ல் வகுத்த ஆறு நிபந்தனைகளில் ஒன்று. அதை ஒதுக்கி, 'அதிக நன்மை யாருக்கு?' என்று நிறுத்துப் பார்க்கச் சொன்னது நீதிமன்றம். 2018-ல் இலாகாவும் அதையே ஏற்றது. இப்போது ஏழு அம்சங்கள். எதுவும் தனித்து முடிவு கட்டாது. தராசு எவர் கையில் என்று கேட்கிறோம், தோழர்களே! மாதச் செலவுக்கே தவிக்கும் மாணவனா வக்கீல் வைத்து வழக்காடுவான்?

அந்த ஏழிலே ஒன்று, பயிற்சிக்குக் கல்லூரி மதிப்பெண் கிடைக்கிறதா என்பது. கேட்க நன்றாயிருக்கிறது. அந்த மதிப்பெண்ணுக்குக் கல்லூரி கட்டணம் வாங்குகிறதே! உழைப்பையும் தந்து, உழைத்ததற்குப் பணமும் கட்டுகிறான் ஏழை மாணவன். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இது பொழுதுபோக்கு, அவனுக்கோ கடன். நாட்டை ஆளும் வெள்ளை மாளிகையே 2022-ல்தான் பயிற்சியாளருக்கு ஊதியம் தர முன்வந்தது என்றால், மற்றவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

கூலி மட்டுமா போயிற்று? 2013-ல் நியூயார்க்கிலே, மேலதிகாரியின் பாலியல் தொல்லையை எதிர்த்து நீதிமன்றம் ஏறினாள் ஒரு பயிற்சி மாணவி. 'நீ சம்பளம் பெறாதவள். எனவே ஊழியை அல்ல. சட்டம் உன்னைக் காக்காது' என்று அந்த முறையீடு தள்ளப்பட்டது. மறு ஆண்டே அந்நகர மன்றம் சட்டத்தைத் திருத்திற்று. மானத்துக்குத் திருத்தம் வந்துவிட்டது; கூலிக்கு இன்னும் ஏழு அம்சத் தராசுதான்.