கன்னியாவை விடச் சூடான ஊற்று



பெரும்போகத்துக்கு வயல் உழத் தொடங்கிவிட்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பையில் ஒரு குளிசையும் ஏறிவிடும். டொக்சிசைக்கிளின். சேற்றில் நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் தொற்றாமலிருக்க வாரம் ஒருமுறை விழுங்கச் சொல்வார்கள். "காய்ச்சலே இல்லாத எனக்கு என்னத்துக்கு மருந்து?" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரம்பேறிப் போகிறவர்களும் நம் தம்பலகாமத்தில், மூதூரில் இருக்கத்தான் செய்கிறார்கள். விழுங்கினால் அது எங்கே போய் என்ன செய்கிறது என்பதை இம்முறை கொஞ்சம் பேசலாமே.

அது போய்ச் சேரும் இடம் பற்றீரியாவின் இறைபோசோம். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குப் புத்தகத்துப் படத்தில் ஒரு புள்ளியாக அது நினைவிருக்கும். உயிருள்ள எதிலும் புரதத்தைக் கட்டுவது அந்தப் புள்ளிதான். டீ.என்.ஏ.யிலிருந்து படியெடுத்து வந்த செய்தியை மும்மூன்று எழுத்தாக வாசிக்கும்; ஒவ்வொரு மூன்றுக்கும் உரிய அமினோ அமிலத்தை வாங்கிக் கோக்கும். வேகமாக வளரும் பற்றீரியாவில் ஒரு விநாடிக்குள் ஏறக்குறைய 20 கோத்துவிடும். இறைபோசோமுக்குச் சிறியதும் பெரியதுமாக இரண்டு கூறுகள். டொக்சிசைக்கிளினும் அதன் இனத்து தெட்ராசைக்கிளினும் சிறிய கூறில் ஒட்டிக்கொண்டு, அடுத்த அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் ஆர்.என்.ஏ. அமர வேண்டிய இடத்தை மறித்துவிடுகின்றன. கோர்வை நின்றுவிடும், கிருமி பெருக வழியில்லை.

தெட்ராசைக்கிளின் எந்த மூலையில் ஒட்டுகிறது என்பதை 2000ஆம் ஆண்டில் படமாகக் காட்டியது, கேம்பிரிட்ஜில் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் நடத்திய குழு. அதே ஆண்டில்தான் சிறிய கூறின் முழு அமைப்பையும் அவர்கள் வெளியிட்டார்கள். இப்படிப் படமெடுக்க இறைபோசோமைப் பளிங்காக்கி, அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்ச வேண்டும். பளிங்காக்குவதில்தான் எல்லாரும் தடுக்கி விழுந்தார்கள். இஸ்ரேலின் அடா யோனத் 1970களின் இறுதியிலேயே அதில் இறங்கியபோது, நடக்கிற காரியமா என்று சிரித்தவர்களே அதிகம். கைகொடுத்தவை கடுமையான இடங்களில் வாழும் நுண்ணுயிர்கள். அவற்றின் இறைபோசோம்கள் எளிதில் குலையாதவை. ராமகிருஷ்ணன் எடுத்துக்கொண்டது யப்பானிய வெந்நீர் ஊற்று ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்ட பற்றீரியா. நம் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரை வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக் குளிக்கிறோம். அந்தப் பற்றீரியாவுக்கு அது குளிர்தண்ணீர், 70 பாகை சூடு இருந்தால்தான் செழிக்கும். பெரிய கூறின் அமைப்பைத் தோமஸ் ஸ்ரைற்ஸ் குழு எடுத்தது சாக்கடலின் உப்பில் வாழும் ஓர் உயிரிலிருந்து. (உப்புவெளிக்காரர் உடனே உரிமை கோர வேண்டாம்!) மூவருக்கும் 2009இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ராமகிருஷ்ணன் பிறந்தது 1952இல், சிதம்பரத்தில். மூன்று வயதில் குடும்பம் பரோடாவுக்குப் போய்விட்டது. பரிசு அறிவித்ததும் நம்மவர்கள் கொண்டாடிய கொண்டாட்டத்தில் முன்பின் தெரியாதவர்களின் மின்னஞ்சல்கள் குவிந்து, வேண்டிய கடிதத்தைத் தேடி எடுக்க முடியவில்லை என்று அவர் அலுத்துக்கொண்டார். அவர் படிக்காத அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் எடுத்ததாகக்கூடச் சிலர் கிளம்பினார்களாம். எந்த நாட்டில் பிறக்கிறோம் என்பது தற்செயல் என்று அவர் சொன்னபோது இங்கேயும் சிலருக்கு முகம் சுருங்கியது. எனக்கு அதில் வருத்தமில்லை. சொந்தம் கொண்டாட வேண்டுமென்றால், அந்தக் குளிசையை வைத்தே கொண்டாடலாமே. அதற்கு ஊர்ப்பெயர் தேவையில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் பிறந்த ஊரைவிடப் படித்த வழி பயன்படும். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்விலும் வேலூர் மருத்துவக் கல்லூரித் தேர்விலும் தேறவில்லை. பரோடாவில் மருத்துவத்துக்கு இடம் கிடைத்தது; அதை விட்டுவிட்டுப் பௌதிகவியல் படித்தார். 1976இல் அமெரிக்காவின் ஒகையோவில் பௌதிகவியலிலேயே கலாநிதிப் பட்டம். பட்டம் கையில் கிடைத்த கையோடு, தன்னை இழுப்பது உயிரியல் என்று கண்டு, சான்டியேகோவில் மறுபடி மாணவனாகப் போய் உட்கார்ந்தார். பிறகு சுமார் 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஓரிடத்திலும் வேலை தரவில்லை. கணிதப் பிரிவா, உயிரியல் பிரிவா என்று 16 வயதில் ஒரு கோட்டைக் கீறி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலே குற்றம் என்கிற நம் ஊர் வழக்கத்தில் இந்த மனிதரை எந்த வாங்கில் உட்கார வைத்திருப்போம்?

மறுபடி இறைபோசோமுக்கு வருவோம். புரதத்தைக் கோத்தால் மட்டும் போதாது, அது போக வேண்டிய இடத்துக்கும் போக வேண்டும். இதை நம் துறைமுகத்தை வைத்துச் சொல்லலாம். பிறிமா மா ஆலைக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பல் தன்பாட்டில் உள்ளே நுழைவதில்லை. வெளியே வேகத்தைக் குறைக்கும், பைலட் ஏறுவார், அவர் சொல்கிறபடி இறங்குதுறைக்கு வரும். நம் உடற்கலத்திலும் வெளியே அனுப்ப வேண்டிய புரதத்தின் முனையில் ஓர் அடையாளத் துண்டு இருக்கும். இறைபோசோமிலிருந்து அந்த முனை தலைநீட்டியதும் ஒரு துணிக்கை வந்து பிடித்துக்கொள்ளும். கோர்ப்பு மந்தமாகும். இறைபோசோமை அப்படியே கலத்தினுள் இருக்கும் அகமுதலுருச் சிறுவலையின் மென்சவ்வுக்குக் கூட்டிவந்து ஒரு வாசலில் சேர்த்துவிட்டுத் துணிக்கை விலகிவிடும். பிறகு கோர்ப்பு தொடர, சங்கிலி வாசல் வழியே உள்ளே இறங்கும். அடையாளத் துண்டு இருக்க வேண்டும் என்பதை 1971இலேயே முன்வைத்த குந்தர் புளோபலுக்கு 1999இல் நோபல் கிடைத்தது. 2014இல், ராமகிருஷ்ணனின் மாணவியாக இருந்த ரெபேக்கா வூர்ஹீஸ், அதே கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்தின் ராமானுஜன் ஹெக்டேயுடன் சேர்ந்து, வாசலில் அமர்ந்திருக்கும் இறைபோசோமின் நுணுக்கமான அமைப்பை வெளியிட்டார். அதற்குப் பளிங்கு தேவைப்படவில்லை. உறையவைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டார்கள்.

சீனி வருத்தக்காரர் வீட்டில் இன்சுலின் ஊசி இல்லாமலிருக்காது. அந்த இன்சுலின் நம் சதையியில் உருவாகும்போது 110 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. முதல் 24 அடையாளத் துண்டு. வாசலைக் கடந்ததும் அறுத்துவிடப்படும். இன்னும் வெட்டுப்பட்டு, இரத்தத்துக்கு வரும்போது எஞ்சுவது 51.

இதுபற்றி உங்களுக்கு எழும் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். பரீட்சைக்கு வராத கேள்வியானாலும் சரி, கேட்பவர் கலைப்பிரிவானாலும் சரி. உயிரியல் ஆசிரியர்களிடம் பதில் கேட்டு வாங்கிப் போடும் வேலை எங்களுடையது. தபால் அட்டையே போதும், எழுத்து மட்டும் விளங்கினால் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்