கணிப்பொறிக்கு நோய் கண்டால்...



இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் வீடுகள் பலவற்றில் கணிப்பொறியும் குடும்பத்தில் ஓர் அங்கமாகிவிட்டது. பிள்ளைகளின் பாடங்கள், வளைகுடாவில் உழைக்கும் மகனின் பாஸ்போர்ட் நகல், மகளின் நிக்காஹ் படங்கள், கடையின் வரவு செலவு என யாவும் அதனுள்ளேதான் இருக்கின்றன. திடீரென ஒரு நாள் கோப்புகளின் பெயர்கள் மாறிவிடுகின்றன; திறந்தால் திறப்பதில்லை; "பணம் கட்டினால் திருப்பித் தருவோம்" என்று திரையில் ஓர் அறிவிப்பு மின்னுகிறது. வீடே கலங்கிப் போகிறது. இந்நிலையில் செய்ய வேண்டியது என்ன?

துறைமுகத்தை நம்பி வாழும் நமக்கு, துறைமுகத்திலிருந்தே ஒரு படிப்பினை உண்டு. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாகப் பரவிய 'நாட்பெட்யா' என்னும் வைரஸ், டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கிப் போட்டது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனக் குழுமம் நடத்திய முனையமும் ஸ்தம்பித்தது. கணிப்பொறி ஒன்றுக்கு 300 டாலர் கேட்டது அந்த வைரஸ். ஆனால், பணம் கட்டினாலும் கோப்புகளை மீட்க வழியில்லாதபடியே அது அமைக்கப்பட்டிருந்தது!

மெர்ஸ்க் என்ன செய்தது தெரியுமா? ஏறத்தாழ 45,000 கணிப்பொறிகளையும் 4,000 சர்வர்களையும் பத்தே நாட்களில் புதிதாக நிறுவியது. அதன் வலையமைப்பின் ஆணிவேரான பதிவேடு உலகெங்கும் அழிந்துபோயிருக்க, ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் மட்டும் ஒரு பிரதி தப்பியிருந்தது. காரணம், வைரஸ் தாக்கிய வேளையில் அங்கே மின்சாரம் இல்லை! இணைப்பு அறுந்து கிடந்த அந்த ஒரு பிரதியே அவ்வளவு பெரிய நிறுவனத்தை மீட்டெடுக்க உதவிற்று.

நம் வீட்டுக் கணிப்பொறிக்கும் மருத்துவம் இதுவே.

முதலாவது, தனிமைப்படுத்துங்கள். இணைய இணைப்பை உடனே துண்டியுங்கள். பென் டிரைவைக் கழற்றுங்கள். அதை வேறு கணிப்பொறியில் சொருகாதீர்கள். நோய் அதன் வழியாகவும் பரவும்.

இரண்டாவது, நோய் தொற்றாத வேறொரு கணிப்பொறியிலோ கைபேசியிலோ கடவுச்சொற்களை மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி. மின்னஞ்சலைக் கைப்பற்றியவன் மற்றவற்றின் சாவிகளையும் எளிதில் பெற்றுவிடுவான். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் வங்கிக்குத் தெரிவிப்பதோடு 1930 என்ற எண்ணையும் தாமதமின்றி அழையுங்கள். அது இணையவழி மோசடிகளுக்கான அரசின் உதவி எண்.

மூன்றாவது, பூட்டப்பட்ட கோப்புகளை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். 2016இல் நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் வைரஸ் தடுப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்னும் திட்டம், சில வகைப் பூட்டுகளுக்கான சாவிகளை இலவசமாகவே தருகிறது. இன்று இல்லாத சாவி நாளை கிடைக்கலாம். எனவே அவற்றைத் தனியொரு வட்டில் எடுத்து வையுங்கள். படங்களையும் கடிதங்களையும் எடுக்கலாம். மென்பொருள்களை எடுக்க வேண்டாம்.

நான்காவது, துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். விண்டோஸுடன் வரும் 'டிஃபெண்டர்' மென்பொருளின் ஆஃப்லைன் சோதனையும், இந்திய அரசின் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' 2017 முதல் இலவசமாக வழங்கும் கருவிகளும் சிறு நோய்களுக்குப் போதும். நோய் வேரூன்றிவிட்டால் முழுவதும் அழித்து நிறுவுவதே திண்ணமான வழி. அதற்குரிய நிறுவல் பிரதியை நோயற்ற கணிப்பொறியில், மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்தே தயாரிக்க வேண்டும்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். பழுது பார்ப்பவர் சிலர், "காசு கொடுத்து வாங்க வேண்டாம்" என்று திருட்டுப் பிரதியை ஏற்றித் தருகிறார்கள். அதை இயக்க, வைரஸ் தடுப்பை முதலில் அணைத்து வைக்கச் சொல்கிறார்கள். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாசலைத் திறந்து வைப்பதற்கு இது ஒப்பாகும். கோப்புகளைப் பூட்டும் வைரஸ்கள் பல, இத்தகைய பிரதிகளின் உள்ளே ஒளிந்தே வருகின்றன. பிறர் உழைப்பை விலையின்றி எடுப்பது நமக்கு ஆகுமா என்னும் கேள்வி ஒருபுறமிருக்க, இதனால் நேரும் நட்டமும் நம்மையே சேர்கிறது. மெய்யான உரிமத்துடன் வாங்கிய கணிப்பொறி என்றால், அதே பதிப்பை அதே பொறியில் மீண்டும் நிறுவப் பெரும்பாலும் தனிக் கட்டணம் தேவைப்படாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பெண்மக்களின் படங்களும் உறவினர்களின் பாஸ்போர்ட் நகல்களும் நம்மிடம் உள்ள அமானிதங்கள். கணிப்பொறியைக் கடையில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கூடவே அமர்ந்திருந்து பழுது பாருங்கள். இயலாவிடில் வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு எஞ்சியதைக் கொடுங்கள். "உங்கள் கணிப்பொறியில் வைரஸ் இருக்கிறது" என்று தொலைபேசியில் அழைப்பவரிடம் பேச்சையே வளர்க்காதீர்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதை இன்னும் பயன்படுத்துவோர் உரிய மாற்று ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள்.

பழுதுபட்ட கணிப்பொறியை ஒரே நாளில் சரிசெய்துவிடலாம். ஆனால், மறைந்துவிட்ட வாப்பாவின் கடைசிப் படம் அழிந்துபோனால் எந்தக் கடையிலும் அதை வாங்க முடியாது. ஆகவே மாதம் ஒருமுறை முக்கியமானவற்றைத் தனி வட்டில் பிரதியெடுத்து, எடுத்த மறுகணமே இணைப்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். எப்போதும் செருகியே கிடக்கும் வட்டையும் வைரஸ் விட்டுவைக்காது. உங்கள் இல்லத்திலும் ஒரு 'கானா பிரதி' இருக்கட்டும்!